புது சிஸ்டமும் உங்கள் மாமாவின் கரும்பும்

பிள்ளைகளே, உங்கள் இருவருக்கும்தான் இதை எழுதுகிறேன். போனில் "புதிய அப்டேட் தயார்" என்று வந்தால் நான் ஏன் அதை அழுத்தாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறேன் என்று பெரியவள் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். சின்னவன் கேட்பதுகூட இல்லை. என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அவனே அழுத்திவிட்டு, "ஒண்ணும் ஆவாது நைனா" என்று திருப்பித் தருகிறான். அந்த "ஒண்ணும் ஆவாது" இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. உங்கள் மேல் உள்ள எரிச்சல் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்து எரிச்சல். இத்தனை வருடமாகியும் ஆறவில்லை. எழுதினாலாவது ஆறுமா என்று பார்க்கிறேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். டைப்ரைட்டிங் பரீட்சை இரண்டும் பாஸ் செய்து, சர்க்கரை ஆலையின் கரும்பு ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எண்பதுகளின் கடைசியில் ஆலைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பி.எஸ்சி. படித்தவர்கள் இரண்டு பேர் ஆபீசில் இருந்தும், விரல் பார்க்காமல் டைப் அடிக்கிறவன் என்று என்னைப் பிடித்து ஏசி அறைக்குள் போட்டுவிட்டார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். பச்சை எழுத்து ஓடுகிற திரை ஒன்று, பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி, கரகரவென்று கத்துகிற பிரிண்டர். நான் அந்த அறைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை உங்கள் அம்மா தன் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வாள். சித்தூர் வெயிலில் ஸ்வெட்டர் போட்டவன் நான் ஒருவன்தான்.

அந்தப் பெட்டியின் முக்கியமான வேலை கட்டிங் ஆர்டர் போடுவது. ஒரு விவசாயி கரும்பு நட்டால், ஆலையின் ஃபீல்டுமேன் போய்ப் பார்த்து, பெயரையும் நிலத்தையும் நடவுத் தேதியையும் எழுதிக்கொண்டு வருவார். முதலில் நட்டவன் கரும்பை முதலில் வெட்டவேண்டும். அந்த வரிசைப்படி ஆலை ஆர்டர் கொடுக்கும். ஆர்டர் வந்து மூன்று நாளைக்குள் வெட்டி அனுப்ப வேண்டும். ஆர்டர் இல்லாத கரும்பை எடை மேடையிலேயே ஏற்ற மாட்டார்கள். வெட்டிப் போட்ட கரும்பு வெயிலில் கிடந்தால் நாளுக்கு நாள் எடை குறையும், சாறு புளிக்கும். ஆகவே ஆர்டர் என்பது விவசாயிக்கு ஒரு வருட உழைப்புக்குப் போடுகிற கையெழுத்து.

முன்பெல்லாம் ஆர்டரைக் கையால் எழுதினார்கள். யார் யாருக்கோ வேண்டியவர்களுக்கு முன்னால் போகிறது என்று வாசலில் தினமும் ஒரு சண்டை. கம்ப்யூட்டர் வந்த பிறகு சண்டை நின்றது. கரும்பு ஆபீசராக இருந்த எங்கள் மேலதிகாரி தெலுங்குக்காரர், நல்ல மனிதர்தான், ஆனால் அந்தப் பெட்டியைக் கோயில் போல ஆக்கிவிட்டார். யார் வந்து எதைக் கேட்டாலும் "கம்ப்யூட்டர் செப்பிந்தி, அந்தே" என்பார். கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது, அவ்வளவுதான் என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சில்லை.

இரண்டு பருவம் அது ஒழுங்காக ஓடியது. ஒழுங்காக ஓடுகிற ஒன்றை யாராவது சும்மா விடுவார்களா? எடை மேடையிலும் ஒரு திரை வேண்டும் என்று எங்கள் ஆபீசருக்கு ஆசை வந்தது. அதற்கு இப்போதிருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் போதாது, புது வெர்ஷன் போடவேண்டும் என்று மெஷின் விற்ற கம்பெனி எழுதியது. போடட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அரவை முடிந்து ஆலை நின்ற பிறகு போடுங்கள் என்றுதான் சொன்னேன். வீட்டில் கல்யாணப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது யாரும் தரையைப் பெயர்த்துப் புதுத் தளம் போடுவதில்லை. ஆனால் மெட்ராஸிலிருந்து வருகிற எஞ்சினியருக்கு அந்த வாரம்தான் ஓய்வு இருந்தது. அவருக்கு ஏன் எங்கள் ஊர்ப்பக்கம் ஓய்வு கிடைத்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவர் குடும்பத்துக்குத் திருமலையில் ஒரு மொட்டை பாக்கி இருந்தது.

இந்த ஜில்லாவில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். வெளியூரிலிருந்து எந்த ஆபீசர் வந்தாலும், எந்த இன்ஸ்பெக்ஷன் நடந்தாலும், எல்லாவற்றின் முடிவும் மலைதான். வேலை பாதி, தரிசனம் பாதி. நாம் திருச்சபைக்காரர்கள், நமக்கு மலை வழக்கமில்லை. ஆனாலும் வருகிறவர்களுக்கு பஸ் எத்தனை மணிக்கு, எந்தச் சத்திரத்தில் வெந்நீர் கிடைக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்தார்கள். எனக்கு அன்றைய சபை ஆராதனை போயிற்று. சரி, போகட்டும் என்று முதல் நாளே போய் எல்லா ஃபைலையும் டேப்பில் இறக்கினேன். இறக்கிய டேப்பை மறுபடி போட்டுப் படிக்க வைத்துச் சரிபார்த்தேன். இன்னொரு டேப்பிலும் இறக்கினேன். கரண்டு போனால் ஓடுவதற்கு ஜெனரேட்டரில் டீசல் ஊற்றிவைக்கச் சொன்னேன். ஏசி தண்ணீர் சொட்டுகிற இடத்தில் வாளி வைத்தேன். எலி கேபிளைக் கடிக்காமலிருக்க மூலையில் மருந்து வைத்தேன். என் புத்திக்கு எட்டியதையெல்லாம் செய்தேன், பிள்ளைகளே. இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவேண்டும்.

எஞ்சினியர் சின்ன வயசு, அடர்த்தியான சுருட்டை முடி. தமிழ்க்காரர் என்பதால் என்னோடு நன்றாகப் பேசினார். தன் வேலையில் கெட்டிக்காரர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாயந்திரம் ராகுகாலம் பிறப்பதற்குள் முடிக்கவேண்டும் என்பது ஆபீசரின் ஒரே நிபந்தனை. சாப்பாட்டுக்குப் பிறகு சற்று நேரத்திலேயே முடிந்துவிட்டது. ஒரு தடங்கல் கிடையாது, ஒரு எரர் கிடையாது. கரண்டுகூடப் போகவில்லை. சரிபார்க்கப் பழைய லிஸ்ட்டையும் புது லிஸ்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். விவசாயிகள் மொத்தம் பொருந்தியது. ஏக்கர் மொத்தம் பொருந்தியது. டன் மொத்தம் பொருந்தியது. மூன்று மொத்தமும் பொருந்திவிட்டால் வேறு என்ன வேண்டும்? ஆபீசர் எல்லோருக்கும் காபி வரவழைத்தார்.

நான் மட்டும் இன்னொரு தடவை கேட்டேன், நாளை காலை ஆர்டர் போடும்போது ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று. எஞ்சினியர் பெட்டியின் தலையில் செல்லமாகத் தட்டி, "ஒண்ணும் ஆகாது சார்" என்றார். பிறகு ஆபீசரிடம் தரிசனத்துக்குச் சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறிவிட்டார்.

திங்கட்கிழமை ஆர்டர் எல்லாம் முன்னைவிட வேகமாக அச்சாகி வந்தது. ஃபீல்டுமேன்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று சாயந்திரமே உங்கள் மாமா நம் வீட்டுக்கு வந்தார்.

உங்கள் அம்மாவின் அண்ணனைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அவர் நிலம். ரோட்டுக்கும் அவர் நிலத்துக்கும் நடுவில் மற்றவர்கள் நிலம் வரிசையாக இருக்கும். உள்ளே போகத் தனி வண்டிப்பாதை கிடையாது. வரப்பில் நடந்து போகலாம், டிராக்டர் போகமுடியாது. ரோட்டோரத்துக்காரர் கரும்பு வெட்டின பிறகு அந்தக் காலி நிலத்தின் வழியாக அடுத்தவர் கரும்பு வெளியே வரும். அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக, கடைசியில்தான் உங்கள் மாமாவுடையது. வருடா வருடம் அப்படித்தான் நடந்தது. யாரும் அதை ஒரு ஏற்பாடு என்று நினைத்ததே இல்லை. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவது போல நடந்துகொண்டிருந்தது.

வந்தவர் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை அந்த வரிசையில் முதல் ஆர்டர் அவருக்கு வந்திருக்கிறதாம்.

"சொல்லாமலே செஞ்சிட்ட மாப்ள. வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டுக்கினேனா நானு?"

நான் எதுவும் செய்யவில்லை மச்சான், அது கம்ப்யூட்டர் போடுகிறது என்றேன். அவர் ஒரு கண்ணைச் சிமிட்டினார். நான் சத்தியம் செய்தேன். இன்னொரு கண்ணையும் சிமிட்டினார். உங்கள் அம்மா எனக்கு ஒரு முட்டை அதிகமாக வைத்துச் சோறு போட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவள் வீட்டாருக்குச் செய்த முதல் உபகாரம் அது என்று அவள் நினைத்துவிட்டாள். நான் என்ன சொல்லி அதை மறுப்பது?

நாங்கள் இருவரும் ஒரு வரியில் சண்டை போட்டு அங்கேயே முடித்திருக்கலாம். மச்சான், முன்னால் இருக்கிறவர்கள் வெட்டாமல் உங்கள் கரும்பு எப்படி வெளியே வரும் என்று நான் கேட்டிருக்கவேண்டும். எனக்குத் தோன்றவில்லை, நான் நிலத்து ஆள் இல்லை. அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். அவர் நிலத்து ஆள்தான், ஆனால் அவர் மகிழ்ச்சியில் இருந்தார். மறுநாள் விடியும்போதே வெட்டு ஆட்களை இறக்கிவிட்டார். ஆர்டர் மூன்று நாள்தானே, தாமதித்தால் செல்லாமல் போய்விடும் என்ற பயம். முன்னால் உள்ளவர் கொஞ்சம் வழி விடமாட்டாரா என்ற தெம்பு. வெட்டி முடித்து, கட்டுக் கட்டி, டிராக்டரையும் கூட்டிக்கொண்டு ரோட்டில் வந்து நின்றபோதுதான் ரோட்டோரத்துக்காரர் எதிரே வந்து நின்றார்.

அவரும் பொல்லாதவர் இல்லை. உங்கள் மாமாவோடு சேர்ந்து ஒரே மோட்டாரில் தண்ணீர் பாய்ச்சியவர். ஆனால் நிற்கிற கரும்பின் மேல் டிராக்டர் ஏற்ற எந்த விவசாயி சம்மதிப்பான்? அதற்குமேல், உங்கள் மாமா முந்தின இரவு டீக்கடையில் தன் மாப்பிள்ளையின் சாமர்த்தியத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசியிருக்கிறார். அதுவும் அவர் காதுக்குப் போயிருந்தது.

"ஒன் கம்ப்யூட்டர் மாப்ளைய வரச்சொல்லு. ஒனக்கு மொதல்ல ஆர்டர் குடுத்தாரில்ல, அவரே வந்து தலைமேல வச்சித் தூக்கிக்கினு போவட்டும்" என்றாராம்.

அவருக்கு ஆர்டர் எப்போது என்று கேட்டால், வரிசையில் கடைசியாம். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதற்குள் உங்கள் மாமாவின் கரும்பு விறகாகிவிடும்.

மாமா நம் வீட்டுக்கு மறுபடி வந்தார். இந்த முறை கையைப் பிடிக்கவில்லை. உள்ளேயும் வரவில்லை. உங்கள் அம்மா வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து, கடைசியில் என் முன்னால் வந்து நின்றாள். "எங்க அண்ணன் கரும்பு வெயில்ல காஞ்சிக்கினு கீது. நீங்க ஏசில குந்திக்கினு கீறீங்க" என்று மட்டும் சொன்னாள். முந்தாநாள் வைத்த முட்டையைத் திருப்பிக் கேட்காததுதான் பாக்கி.

ஆபீசரிடம் ஓடினேன். ரோட்டோரத்துக்காரர் ஆர்டரை முன்னால் தள்ளிக் கையால் ஒன்று எழுதிக்கொடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். கையால் ஒரு ஆர்டர் எழுதினால் நாளைக் காலை வாசலில் நூறு பேர் நிற்பார்கள் என்றார். அதுவும் உன் மச்சான் விஷயம், ஏற்கெனவே விவசாயிகள் ஒருமாதிரி பேசுகிறார்கள் என்றார். கம்ப்யூட்டர் தானாக மாற்றிக் கொடுத்தால் தனக்கு ஆட்சேபணை இல்லையாம். "கம்ப்யூட்டர் செப்பிந்தி, அந்தே." வரிசை தப்பு சார் என்றேன். தேதியைப் பார் என்றார். பார்த்தேன். தப்பே இல்லை. அந்தப் பக்கத்து நிலங்கள் அத்தனைக்கும் நடவுத் தேதி ஒன்றேதான். ஒரே தேதியில் இருக்கிறவர்களில் யாரை முதலில் போட்டாலும் அது சரிதானே என்றார்.

நேரே புத்தலப்பட்டு பஸ் ஏறினேன். அந்தப் பகுதி ஃபீல்டுமேனும் அங்கே வந்திருந்தார். அவர் முகத்திலும் தூக்கமில்லை, அவரையும் எல்லோரும் பிடுங்கி எடுத்திருந்தார்கள். இத்தனை பேருக்கும் எப்படி ஐயா ஒரே நாளில் நடவு என்று அவரைக் கேட்டேன். சலித்துக்கொண்டார். ஆளாளுக்கு இரண்டு நாள் முன்னே பின்னே நட்டிருப்பார்கள், தான் அந்தப் பக்கம் வருவது பருவத்துக்கு ஒருமுறை, வந்த அன்று என்ன தேதியோ அதை எல்லோருக்கும் போடுவதுதான் வழக்கம் என்றார். அந்த ஃபீல்டுமேன் மட்டுமில்லை, எல்லா ஃபீல்டுமேன்களும் அப்படித்தான். கிராமத்துக்கு ஒரு தேதி. விவசாயிகளும் அதைச் சரி என்றே வைத்திருந்தார்கள், சண்டை இல்லாமல் போகிறதே என்று.

அப்படியானால் இத்தனை வருடம் வரிசை எப்படிச் சரியாக வந்தது? நான் அவரிடம் கேட்கவில்லை, எனக்குள் கேட்டுக்கொண்டு ரோட்டில் நின்றேன். நின்றவன் ரோட்டோர நிலத்திலிருந்து உள்ளே பார்த்தேன். கிணற்றடி நிலம், அதற்கு அப்பால் இரட்டைப் பனை நிலம், அதற்கு அப்பால் விதவைத் தாயும் மகனும் பயிர் வைக்கிற நிலம், அதற்கப்பால் மச்சான். இந்தப் பெயர்களை நான் பருவத்துக்கு ஒருமுறை டைப் அடித்திருக்கிறேன். என் விரலுக்கு அது ஜெபம் மாதிரி பழக்கம். அடிக்கிற வரிசையும் இதேதான், ரோட்டோரத்துக்காரர் முதல், மச்சான் கடைசி.

நீங்கள் எழுதும்போது எங்கிருந்து ஆரம்பிப்பீர்கள் என்று ஃபீல்டுமேனைக் கேட்டேன்.

"இன்னா சார் கேள்வி இது? பஸ்ஸ வுட்டு எறங்கி, ரோட்லேர்ந்துதான் எழுதிக்கினு உள்ள போவேன். பின்ன, பறந்து போயி கடைசிலேர்ந்தா வருவேன்?"

அவர் நடந்த வரிசையில் எழுதினார். அவர் எழுதிய வரிசையில் நான் அடித்தேன். நான் அடித்த வரிசையிலேயே பழைய சிஸ்டம் ஆர்டர் போட்டது. இந்த மூன்று பேரில் யாருக்கும் தான் என்ன செய்கிறோம் என்று தெரியாது. புது சிஸ்டம் வந்து, ஒரே தேதிதானே என்று சீட்டுக் கலைப்பது போலக் கலைத்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதை எப்படி மாற்றுவது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தவர் மலையில் இருந்தார்.

ஆபீசரிடம் சொல்லிவிட்டுத் திருப்பதிக்குப் போனேன். எஞ்சினியர் தங்கிய சத்திரத்தில், காலையிலேயே மலையிலிருந்து இறங்கிவிட்டார், சாமான் எடுக்க வந்து இப்போதுதான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார் என்றார்கள். ஓடினேன். பிள்ளைகளே, திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆளைத் தேடுவது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள். நான் மூன்று நாள் முன்பு பார்த்தவருக்குச் சுருட்டை முடி. இப்போது அவருக்கு மொட்டை. அங்கே நின்றுகொண்டிருந்த கூட்டத்தில் பாதிப் பேருக்கு மொட்டை, மொட்டை மேல் சந்தனம். ஆம்பளை, பொம்பளை, குழந்தை எல்லாம் ஒரே மாதிரி. ஒவ்வொரு மெட்ராஸ் பஸ்ஸாக ஏறி, ஒவ்வொரு மொட்டையாக முகத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு கிழவர் என்னைப் பிக்பாக்கெட் என்று நினைத்துச் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். இரண்டு பேரைத் தோளில் தட்டித் திருப்பி, மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு எரிச்சலோடு நான் யாரையும் தேடியதில்லை. ஒரே தேதி போட்ட விவசாயிகள் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிந்திருப்பார்கள் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

கடைசியில் அவர்தான் என்னைக் கண்டுபிடித்தார். ஜன்னலிலிருந்து "சார், நீங்க எங்க இங்க?" என்று கையில் லட்டோடு ஒரு மொட்டை எட்டிப் பார்த்தது. தரிசனத்துக்கா என்று வேறு கேட்டார்.

இழுக்காத குறையாக இறக்கினேன். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். இடையில் ஒரே ஒரு கேள்விதான்.

"தேதி ஒண்ணா இருந்தா அடுத்து எதை வச்சு அடுக்கணும்னு புரோகிராம்ல சொல்லியிருக்கா?"

இல்லை என்றேன். சொல்லவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை என்றேன்.

"அப்ப பழசு உங்களுக்கு நல்ல வரிசையா குடுத்தது அதோட நல்ல குணம் சார். புதுசுக்கு அந்தக் கட்டாயம் இல்ல. சொன்னதை மட்டும்தான் செய்யும். புக்ல எங்கியாவது ஒரு ஓரத்துல போட்டிருப்பான்."

பழையதையே திரும்பப் போட்டுவிட முடியாதா என்றேன். முடியும், ஒரு நாள் முழுக்க ஆகும், எடை மேடைத் திரையும் நின்றுபோகும், அதற்கு அவசியமே இல்லை என்றார். நான் அடிக்கும்போது ஒவ்வொருவருக்கும் பதிவு எண் ஒன்று வரிசையாக விழுகிறதல்லவா, தேதிக்கு அடுத்து அந்த எண்ணைப் பார் என்று ஒரு வரி சேர்த்தால் போதுமாம். ஒரு வரி. அந்த ஒரு வரியை ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கும்போது சேர்த்திருக்கலாம். மொத்தம் பொருந்துகிறதா என்று பார்த்த நேரத்தில், வரிசை பொருந்துகிறதா என்று ஒரு கிராமத்தையாவது பார்த்திருக்கலாம். ஆனால் யாருக்குத் தெரியும் வரிசை என்று ஒன்று இருப்பது?

அவர் மெட்ராஸ் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னோடு சித்தூர் பஸ்ஸில் ஏறினார். அதற்காக நான் இன்றும் அவரை மதிக்கிறேன். புத்தலப்பட்டு தாண்டும்போது ஜன்னல் வழியாகக் காட்டினேன். ரோட்டை ஒட்டிப் பச்சையாக நிற்கிற கரும்பு, அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு வழுக்கை போல வெட்டிப் போட்ட நிலம், நடுவில் ஆரஞ்சு நிறம் ஏறிக் கிடக்கிற கட்டுகள். ரோட்டில் காலி டிராக்டர், அதன் நிழலில் உங்கள் மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சித்தூர் வருவதற்குள் எஞ்சினியர் லட்டுப் பொட்டலத்தை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார்.

ஒரு வரி சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? செருப்பைக் கழற்றி வைத்து உள்ளே போன நேரம்தான் அதிகம். புது வரிசை அச்சாகி வந்தது. ரோட்டோரத்துக்காரர் முதல், உங்கள் மாமா கடைசி. ஆபீசர் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். ஏற்கெனவே வெட்டிவிட்டவர் ஆர்டர் மட்டும் செல்லும் என்று வைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் இந்த வரிசைப்படி என்று உத்தரவு போட்டார். இப்போது கம்ப்யூட்டர் இதைச் சொல்லிவிட்டது, அவ்வளவுதான். திங்கட்கிழமை வேறு வரிசையைச் சொன்ன அதே கம்ப்யூட்டர்.

ரோட்டோரத்துக்காரர் மறுநாள் வெட்ட ஆரம்பித்தார். கிணற்றடிக்காரர் அதற்கு அடுத்த நாள். எல்லாரும் ஒழுங்காகவும் ஆத்திரத்தோடும் வெட்டினார்கள். கடைசியில் வழி திறந்து உங்கள் மாமாவின் டிராக்டர் உள்ளே போய் வெளியே வந்தபோது, தூக்குகிற ஆட்கள் சிரமப்படவே இல்லை, அவ்வளவு லேசாகிவிட்டிருந்தது. எடை மேடைக்கு நானும் போய் நின்றேன். ஆபீசர் ஆசைப்பட்ட அந்தப் புதுத் திரையில் பச்சை எழுத்தில் எடை வந்தது. உங்கள் மாமா அதைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லா தெரியுது மாப்ள, எழுத்து. பெருசு பெருசா" என்றார்.

அதற்குப் பதிலாக இரண்டு அறை விட்டிருக்கலாம்.

அந்த வருடம் நம் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தபோது, எப்போதும் போல வாசல் தூண்களில் கரும்பு கட்டவேண்டும் என்று காத்திருந்தார்கள். வருடா வருடம் உங்கள் மாமா கொண்டுவருகிற கரும்பு. அவர் வந்தார், ஒரு பூசணிக்காயோடு. அதைப் பீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, வேண்டுமென்றே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தூண் இரண்டும் வெறுமையாக நின்றன. போதகர் ஐயர் பிரசங்கத்தில் விதைத்தவன் அறுப்பதைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவர் முழங்கை என் விலாவில் இடித்தது. இன்றுவரை நம் வீட்டு விசேஷம் ஒன்று அந்தக் கரும்புப் பேச்சு இல்லாமல் முடிந்திருக்கிறதா சொல்லுங்கள். நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் அம்மாவும் இப்போது சிரிக்கிறாள்.

அன்று ஆராதனை முடிந்து, காணிக்கைப் பொருள்களின் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது நான் மெல்ல வெளியே வந்துவிட்டேன். ஆலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, ஆபீசில் யாரும் இல்லை. காவலாளி கதவைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போனான். செருப்பைக் கழற்றி வைத்து உள்ளே போய், புதிதாக ஒரு சின்ன ஃபைல் திறந்தேன். அந்த ஒரு வரிசைக்காரர்களை மட்டும் ரோட்டிலிருந்து உள்ளே நடப்பது போல ஒருவர் பின் ஒருவராக அடித்தேன். எல்லோருக்கும் ஒரே தேதி. இனி எவன் எந்த டேப்பைக் கொண்டுவந்து எதை மாற்றினாலும், மொத்தம் கூட்டுவதற்கு முன் இதைத்தான் முதலில் ஓட்டுவது என்று வைத்துக்கொண்டேன். ஓட்டினேன். பிரிண்டர் கரகரவென்று கத்தி நின்றது. காகிதத்தைக் கிழித்து, விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ரோட்டோரம், கிணற்றடி, இரட்டைப் பனை, தாயும் மகனும், கடைசியில் மச்சான்.

சரியாகத்தான் இருந்தது. காகிதத்தை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு எழுந்தேன். வாசல் வரை போய், ஒரு செருப்பை மாட்டி, மறுபடி கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, இன்னொரு தடவை ஓட்டினேன்.